பதினோராம் பிரிவு

அந்த நாயின் பெயர் பிஸ்தாஷ்.
கிரியோலில் நிலக்கடலை; நிறமும் அதுதான்.
பக்கத்துத் தீவிலிருந்து, முக்கால் மணிப் பறப்பில் வந்தது,
இடிபாட்டுக்குள் மிச்சமிருக்கும் மூச்சை
முகர்ந்து சொல்லும் மூக்கோடு.

ப்ளேஸான்ஸ் ஓடுபாதையில்
முறிந்த கிளைகளை இன்னும் பெருக்கிக்கொண்டிருந்தார்கள்.
நான்காம் எண் எச்சரிக்கை இறங்கி
ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.
நான் பணியில் இருந்தேன்:
கால்நடைத் தனிமைப் பிரிவு, மேசை இரண்டு.

வெறிநோய் இல்லாத தீவு இது.
அதை அப்படி வைத்திருப்பவர்கள் நாங்கள்.
முன்னனுமதி இல்லாத நாய்க்குக் கூண்டு,
ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை கூண்டு.
பேரிடருக்கு விலக்கு உண்டா என்று
சட்டத்தைப் புரட்டினேன்.
சர்க்கஸ் யானைக்கு இருந்தது.
பந்தயக் குதிரைக்கு இரண்டு பக்கம் இருந்தது.

மேலதிகாரியின் தொலைபேசி மணியே அடிக்கவில்லை,
கம்பங்கள் சாய்ந்து கிடந்தன.
கையெழுத்துப் போட்டேன்.
நீல மை, முழுப் பெயர்: பரிமளா வீராப்பென்.

கிஸ்லேன் என்னைத் திட்டவில்லை.
நாயை உள்ளே விட்டுவிட்டுத் தானும்
கம்பிக்கு வெளியே சிமெண்டில் உட்கார்ந்துகொண்டாள்.
அதன் பயிற்சி அப்படி என்றாள்,
ஆள் கிடைத்தால் குரைக்கும்,
கிடைக்காவிட்டால் சத்தமே வராது.
இரவு முழுக்கக் குரைத்தது
என்னைப் பார்த்து.

வாலே பிதோவில் சரிந்த மண்ணுக்கு அடியில்
சூபென் வீடு.
அக்கம்பக்கத்து மண்வெட்டிகள், பேக்கரித் தட்டு ஒன்று,
மற்றதெல்லாம் வெறுங்கை.
மூன்றாம் நாள் அலமாரியை எட்டினார்கள்.
அதற்குப் பின்னால் இருந்ததை
நான் எழுதப்போவதில்லை.
நாய் போயிருந்தால்?
விசாரணைக் குழுவும் அதைத்தான் கேட்டது.
'தெரியாது' என்ற ஒரு சொல்லை
மூன்று முறை அடித்துத் திருத்தினேன்.

இப்போது ஜூலை.
கரும்பு பூத்து, மேடெல்லாம் சாம்பல் வெள்ளி.
வானத்தில் ஒரு குறையும் இல்லை,
ஆகவே கூட்டத்துக்குப் பாதிப்பேர் வரவில்லை.
வந்தவர்களில் சுங்கத்து மாரிமூத்து:
ரசாயனம் என்று நிறுத்தப்பட்டு
துறைமுகத்தில் பத்தொன்பது நாள் வெந்த
நீர்ச் சுத்தி மாத்திரைப் பெட்டகத்தின் எண்
இன்னும் அவருக்கு மனப்பாடம்.
அதே கப்பலின் கம்பளிக் கோட்டுகள்
ஒரு கேள்வியுமின்றி இறங்கினவாம்.
வேண்டாம் என்று சொல்லவும்
ஒரு பிரிவு வேண்டும் என்கிறார்.

தலைக்குமேல் வெள்ளம் போனபின்
சாணென்ன முழமென்ன என்பார்கள் வெளியே.
இந்த அறையில்
சாணுக்கு ஒரு பிரிவு, முழத்துக்கு ஒரு பிரிவு.
வரைவில் 'உடனடியாக' என்றிருந்தது.
உடனடி, யாருடைய கடிகாரத்தில் என்று கேட்டேன்.
தேநீர் இரண்டு முறை வந்து போனது.
'தரையிறங்கிய இரண்டு மணி நேரத்துக்குள்' என்று மாறியது.
அயல்நாட்டு மருத்துவரின் சான்றிதழை யார் ஏற்பது,
உதவி வேண்டும் என்று எவர் கேட்பது,
போதும், கிளம்புங்கள் என்று எவர் சொல்வது,
ஜன்னலில் வெயில் நகர்ந்துகொண்டே இருந்தது.
பதினோராம் பிரிவு மட்டும் நான் கேட்டு வாங்கியது.
தேடும் நாய்கள். நாலே வரி.

வெள்ளிக்கிழமை ஒத்திகை.
கிஸ்லேனுக்கு எழுதியிருந்தேன், பதில் இல்லை.
காவல்துறை நாயொன்றை
அயல்நாடு என்று வைத்துக்கொண்டோம்.
படியிறங்கி, தோலடிச் சில்லைப் படித்து, காது பார்த்து,
ஒரு பக்கப் படிவம் நிரப்பி
எல்லாம் இருபத்திரண்டு நிமிடம்.
யாரோ கைதட்டினார்கள்.
முத்திரையை எடுத்து அழுத்தினேன்.
விழவில்லை.
இன்னொரு முறை, பலமாக.
மை காய்ந்திருந்தது.

நாய் என்னையே பார்த்தது.
குரைக்கவில்லை.

மூன்றாம் அட்டவணையின் அடியில்
பென்சிலால் சேர்த்தேன்:
மை, ஒரு புட்டி.
ஒவ்வொரு நவம்பரும் மாற்றவும்.